தடி வந்துடுச்சா?

ஏழாவது வளைவில் ஹாரன் கேட்டது. ஒரே ஒரு தடவை. நெஞ்சில் சளி கட்டிய ஆள் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுகிற மாதிரி. காலை ஒன்பதரை மணி. வெயில் பனியில் பட்டுத் திரும்பி கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. கீழ்கேட்டில் வரிசையாக நின்ற பதினோரு லாரிகளின் டிரைவர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி ஊர் வம்பை அலசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. தடிக்காரர் மட்டும் நிமிர்ந்தார். அந்த நேரத்தில் மலைப்பாதையில் ஒரு வண்டிகூட இல்லை என்று அவருக்குத் தெரியும். ஐந்து மாதமாகப் பனி மூடிக் கிடந்த பாதை அது. இன்றைக்குத்தான் திறக்கப் போகிறார்கள். இன்னும் திறக்கவில்லை.

"என்ன மாமா, காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறீங்க?" என்றாள் டீக்கடை அக்கா. "பொண்ணு வர இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு."

"ஹாரன் கேட்டுச்சா உனக்கு?"

"என் பாய்லர் போடற சத்தத்துல எனக்கு எது கேக்குது?"

பச்சைப் பொய். புருஷன் பெண்டாட்டி போர்வைக்குள் முணுமுணுத்தால்கூட மறுநாள் டீயோடு சேர்த்து ஆற்றிக் கொடுக்கிறவள் அவள். அவள் காதுக்கே எட்டாத சத்தம் தனக்கு மட்டும் எட்டியிருக்கிறதே என்று தடிக்காரர் மறுபடி பாதையைப் பார்த்தார்.

தடிக்காரர் என்றதும் தடித்த ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. பெயர் வேலையால் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களையும் இந்தப் பக்கத்து ஊர்களையும் சேர்ப்பது ஒரே ஒரு பாதை. ஒன்பது வளைவு, கீழிருந்து மேலாக எண்ணுவார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் மேகத்தின் முதுகு தெரியும். ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அதனால் மேல்பக்கத்து வண்டிகள் எல்லாம் இறங்கி முடித்த பிறகுதான் கீழ்ப்பக்கத்து வண்டிகள் ஏறும். இறங்குகிற கூட்டத்தில் கடைசி வண்டி எதுவோ அதன் டிரைவர் கையில் மேல்கேட்டில் ஒரு சிவப்புத் தடியைக் கொடுத்து அனுப்புவார்கள். முழ நீளம், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். அது கீழ்கேட் ஆளின் கைக்கு வந்துவிட்டால் பாதை காலி என்று அர்த்தம். சீட்டு கிடையாது, விசில் கிடையாது, வாய் வார்த்தைகூடத் தேவையில்லை. அவர் கையில் தடியைப் பார்த்த நிமிஷமே காத்திருக்கும் டிரைவர்கள் தாங்களே குறுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தாத்தா காலத்திலிருந்து இதுதான் சட்டம். சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா என்று யாரும் தேடியதில்லை.

அந்தத் தடியை இருபத்துமூன்று வருஷமாக வாங்கி வாங்கி அவருடைய வலது கைக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிட்டது. ஓடுகிற வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டால் இவர் கை தானே போய் வாங்கும். "மாமா தூங்கறப்ப ஒரு கரண்டியை நீட்டிப் பாருங்க, வாங்கி வச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்துப்பாரு" என்று டீக்கடை அக்கா புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பதினோரு மணிக்கு மறுபடியும் ஹாரன். அதே செருமல். இந்த முறை ஆறாவது வளைவில்.

பாதையில் பனியை வெட்டி முடித்த மெஷின்காரர் முந்தின நாள் சாயங்காலமே இறங்கி வந்து, இப்போது கேபின் வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கால் விரல்களை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று நான்கு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டு, ஐந்தாவது தடவை தடிக்காரர் கேட்டார்.

"மேல எல்லாம் சரியா இருந்துச்சா?"

"எல்லாம் சரிதான். ஏழாவது வளைவுல ஓரக்கல்லு ரெண்டைக் காணோம். பனி தள்ளிவிட்டிருக்கும்."

"கீழ எட்டிப் பார்த்தீங்களா?"

"கீழ என்ன இருக்கு பாக்கறதுக்கு? வெள்ளைவெளேர்னு இருந்துச்சு." மெஷின்காரர் விரல்களை மடக்கி நீட்டினார். "ஏன், எதையாச்சும் போட்டு வச்சிருக்கீங்களா?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். தடிக்காரரும் சிரித்தார். சிரித்த உதடு உலர்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது.

மலை தாண்டிப் பெண் கொடுக்கிறவர்கள் இரண்டு தடவை யோசிப்பார்கள். பனி விழுந்தால் ஃபோன் கம்பியும் அறுந்துவிடும். ஐந்து மாதத்துக்கு மகள் இருக்கிறாளா, சாப்பிட்டாளா, அழுதாளா, ஒன்றும் தெரியாது. தடிக்காரர் யோசிக்கிற நிலையில் இல்லை. ஒரே பெண், ஏற்கெனவே கூடி வந்த இரண்டு இடம் கலைந்து, தெருவில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மூன்றாவதாக அமைந்தது மேல்பக்கத்து மாப்பிள்ளை; சொந்தமாக வேன் ஓட்டுகிற, அதிகம் பேசாத பையன். கல்யாணம் கீழே நடந்தது. மறுநாள் பாதை மூடுகிற நாள். மூடுவதற்கு முன் இரண்டே கூட்டம்தான் பாக்கி. மேலிருந்து ஒன்று இறங்க வேண்டும். அது வந்து சேர்ந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டு வண்டிகள் ஏற வேண்டும்.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல்கேட்காரர் ஃபோனில் கூப்பிட்டார். "ஒரே ஒரு ஜீப்தான் அண்ணே. இங்க கல்லு உடைக்க வந்த ஆளுங்க, ஆறு பேரு, ஊருக்குக் கிளம்பிட்டாங்க. தடியை அவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டிய ஜீப் ஒன்றரைக்கும் வரவில்லை. இரண்டு மணிக்குப் பனி விழத் தொடங்கியது. தடி ஒரு மணி நேரம் பிந்தினால் இரண்டு கேட்டிலிருந்தும் கயிறும் ஆளுமாகத் தேடிப் போக வேண்டும். அதுவரை எந்த வண்டியும் ஏறக் கூடாது. மாப்பிள்ளையின் பெரியப்பா கேபினுக்குள் வந்து, தோளில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, மிக மரியாதையாகப் பேசினார்.

"சம்பந்தி, மூணு மணிக்கு மேல எங்களால ஏற முடியாது. பொண்ணை இப்ப அனுப்பறீங்களா, இல்ல பனி உருகினப்புறம் பாத்துக்கலாமா? அதுக்குள்ள எங்க வீட்டுல யாரு மனசு எப்படி மாறும்னு நான் சொல்ல முடியாதில்ல?"

பெரியப்பா வெளியே போனார். கேபின் மூலையில் ஒரு நாற்காலிக் கால் உடைந்து கிடந்தது. அலமாரியில் குறுக்குக் கம்பத்துக்குப் பூசுகிற சிவப்புப் பெயின்ட் இருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. ஈரப் பெயின்ட் விரலில் ஒட்ட, கொட்டுகிற பனிக்கு நடுவே, கேபின் படியில் நின்று தடிக்காரர் அதைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். அழுகிறவர்கள் அழுதுகொண்டும், மூட்டை ஏற்றுகிறவர்கள் ஏற்றிக்கொண்டும் இருந்த அந்தக் கூட்டத்தில் ஜீப் எங்கே என்று கேட்க ஒரு நாக்கும் புரளவில்லை. தடிதான் கையில் இருக்கிறதே. வண்டிகள் ஏறின; கடைசி வண்டியோடு அந்த நாற்காலிக் கால்தான் தடியாக மேலே திரும்பிப் போனது. ஃபோன் அடித்தது.

"தடி வந்துடுச்சா அண்ணே?"

"வந்துடுச்சு."

ஒரே வார்த்தை. அதனால்தான் யாரும் தேடிப் போகவில்லை. ஏறிய வண்டிகள் நல்லபடியாக மேலே போய்ச் சேர்ந்தன. எதிரே ஒரு ஜீப்பையும் பார்க்கவில்லை. பாதையில் இல்லாத ஜீப் வேறு எங்கே இருக்கும் என்கிற கேள்வியைத் தடிக்காரர் ஐந்து மாதமும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். எட்டாவது வளைவில் கொஞ்சம் அகலம் உண்டு, கெட்டிக்கார டிரைவராக இருந்தால் திருப்பிக்கொண்டு போயிருப்பான் என்று தனக்குத்தானே பதில் சொன்னார். அந்த வளைவில் ஆட்டுக்குட்டிகூட யோசித்துத்தான் திரும்பும். சந்தையிலும் கோயிலிலும் யாரையாவது காணோம் என்று பேச்சு வருகிறதா என்று காதைக் கொடுத்தார். வரவில்லை. எங்கிருந்தோ கல் உடைக்க வந்தவர்கள். அவர்கள் வீட்டில், மலைக்கு மேலேயே தங்கிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். "இந்தப் பனிக்காலத்துல மாமா ரொம்ப இளைச்சுட்டாரு. பொண்ணைப் பிரிஞ்ச ஏக்கம்" என்று டீக்கடை அக்கா ஊரெல்லாம் அவருக்காக உருகினாள். அவர் சம்சாரம் மட்டும், இந்த மனுஷன் ஏன் தூக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று ஒன்றிரண்டு தடவை கேட்டாள்.

இன்றைக்கு ஒரு மணிக்கு மேல்கேட்டிலிருந்து ஃபோன் வந்தது. இந்த வருஷத்தின் முதல் ஃபோன். கம்பியைப் புதிதாக இழுத்திருந்ததால் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் தெளிவாக இருந்தது.

"அண்ணே, ஒம்பது வண்டி விட்டிருக்கேன். கடைசி வண்டி உங்க மாப்பிள்ளை வேன்தான். தடியை உங்க பொண்ணு கையிலயே குடுத்துட்டேன், அப்பாகிட்ட நானே குடுக்கணும்னுச்சு. தடி என்னண்ணே இப்படி ஆயிடுச்சு? பூணைக் காணோம், பெயின்ட்டு உரியுது, நான் சணலைச் சுத்தி வச்சிருக்கேன்."

"பழசாயிடுச்சு."

"அப்புறம் அந்தக் கல்லு உடைக்கிற ஆளுங்க கீழ வந்துட்டாங்களா? வழி திறக்கிற அன்னிக்குக் கண்டிப்பா வந்துடறோம்னு சொல்லிட்டுப் போனாங்க. இங்க வேலை அப்படியே கிடக்கு."

தடிக்காரர் ரிசீவரை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே நான்காவது வளைவில் ஹாரன் செருமியது.

இரண்டு மணி தாண்டியதும் சூரியன் சிகரத்துக்குப் பின்னால் போனது. இந்த மலையில் அந்தி என்று ஒன்று கிடையாது. கதவைச் சாத்தினாற்போல் வெளிச்சம் நிற்கும், பகல் மட்டும் மிச்சமிருக்கும். பள்ளத்தில் நாளெல்லாம் படுத்திருந்த மூடுபனி மெதுவாக எழுந்து, பாறையைத் தடவிக்கொண்டே ஏறி, முதல் வளைவை எடுத்துக்கொண்டது, பிறகு லாரிகளின் சக்கரங்களை, பிறகு டீக்கடையின் தகரக் கூரையில் பறக்காமலிருக்க ஏற்றி வைத்த கற்களை ஒவ்வொன்றாக. ஈரக் கம்பளி வாடை. டீசல் வாடை. அதற்கு அடியில், பனி உருகும்போது மண்ணுக்குள்ளிருந்து வரும் பழைய வாடை. அதற்கும் அடியில் ஈரப் பெயின்ட் வாடை ஒன்று வந்தது. தடிக்காரர் விரல்களை மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை.

இரண்டே முக்காலுக்கு முதல் வண்டி பனிக்குள்ளிருந்து வந்தது. கம்பளி மூட்டை ஏற்றிய டெம்போ. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"முன்னாடி போன ஜீப் யாரோடது மாமா? ஹாரன் அடிச்சு அடிச்சுக் கை வலிக்குது, வழியே விடல."

"நீதானே முதல் வண்டி."

"விளையாடாதீங்க. ஏழாவது வளைவுலேர்ந்து எனக்கு முன்னாடியேதான் வந்துச்சு. பின்னால அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. குளிருல ஒருத்தன்கூடப் போர்வை போத்தல."

டெம்போ போனது. அடுத்தடுத்து வண்டிகள் வந்தன. இரண்டு, மூன்று, ஐந்து. வீட்டுக்கு வந்து சேர்ந்த முகங்கள், கையசைப்பு, சிரிப்பு. தடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். எட்டாவதாக வந்தது கம்பவுண்டரின் ஸ்கூட்டர். காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்த கம்பவுண்டர் நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போனார்.

"பின்னாடி ஒரு ஜீப்பு வருது. அதுக்குப் பின்னாடி உங்க மாப்பிள்ளை வேன். மெதுவா வரட்டும், மேல ஒண்ணும் தெரியல."

முன்னால் போன ஜீப். பின்னால் வருகிற ஜீப். தடிக்காரர் கேபின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

பிறகு எதுவும் வரவில்லை. மூடுபனியில் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பது வழக்கம். அதைக் கேட்டே வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எட்டாவது வளைவில் புது ஹாரன் ஒன்று, கணீரென்று. மாப்பிள்ளை வேன். நெஞ்சு இளகியது. அவள் வருகிறாள். முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் அந்த நாற்காலிக் காலை வைத்துக்கொண்டு வருகிறாள்.

மூன்றாவது வளைவில் செருமல்.

"ஏன் மாமா இவ்வளவு நேரம்?" என்று லாரி வரிசையிலிருந்து ஒரு குரல். "அஞ்சு மாசம் காத்துக் கிடந்தாச்சு, இன்னிக்குமா? மேல அரிசி போய்ச் சேரணுமா வேணாமா?"

"ஒரு வண்டி பாக்கி" என்றார். "இன்னும் ஒரு வண்டி."

"பொண்ணு வர்ற நாளு, மாமாவுக்கு நம்ம ஞாபகம் எங்க இருக்கப் போகுது?" என்று டீக்கடை அக்கா எடுத்துக் கொடுக்க, இருட்டாத அந்த வெள்ளைக்குள் எங்கெங்கோ சிரிப்புக் கேட்டது.

ஏழாவது வளைவில் கணீர். இரண்டாவது வளைவில் செருமல்.

அவர் கம்பத்துக்கு அருகே போய் நின்றார். போகாமல் இருந்திருக்கலாம். கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் மகள் வருகிற வழி அது. அவள் இறங்கும்போது அப்பா கேட்டில் நிற்க வேண்டாமா?

ஆறாவது வளைவு. கணீர்.

முதல் வளைவு. செருமல்.

சக்கரத்தின் அடியில் பனி நொறுங்கும் சத்தம் வந்தது. சக்கரச் சத்தம் மட்டும். இன்ஜின் சத்தம் இல்லை. மூடுபனியில் இரண்டு மஞ்சள் வட்டங்கள், ஐஸுக்கு அடியில் எரிகிற மாதிரி. பிறகு ஒரு மூக்கு. நசுங்கிய மூக்கு. கண்ணாடியில் விரிசல், விரிசல் முழுக்கப் பனி. நடக்கிற வேகத்தில் வந்தது. எல்லா வண்டியும் வருகிற மாதிரியே, கேட்டுக்கு முன் வேகம் குறைத்து, பாறைப் பக்கமாக ஒதுங்கி, ஒழுங்காக வந்தது.

டிரைவர் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது.

தடிக்காரர் வாங்கவில்லை. அவருடைய கை வாங்கியது.

சிவப்பு. முழ நீளம். பித்தளைப் பூண்.

அதன் குளிர் முழங்கை வரை ஏறிவிட்டது. விடப் பார்த்தார். விரல் பிரியவில்லை. இழுக்கப் பார்த்தார். மறுமுனையைப் பிடித்திருந்த கையும் விடவில்லை. நகம் நீலம். மணிக்கட்டில் கல்தூசி. பிடியில் கோபம் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறவனின் பிடி.

"தடி வந்துடுச்சுடா" என்றது லாரி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. எடு வண்டியை."

"இல்ல" என்றார் தடிக்காரர். "இன்னும் வரல. என் பொண்ணு மேல இருக்கா. எடுக்காதீங்க."

பதினோரு இன்ஜின்கள் ஒன்றாக இருமி எழுந்தன. குறுக்குக் கம்பம் தூக்கப்படும் கிறீச்சொலி. முதல் லாரி அவரை உரசிக்கொண்டு ஏறியது. டிரைவர் குனிந்து, அவர் கையிலிருந்த தடியைப் பார்த்து, எப்போதும் போல் தலையை ஆட்டினார்.

"போயிட்டு வரேன் மாமா."

"நிறுத்துப்பா. நிறுத்து."

"ஆமா மாமா, பாத்துப் போறேன்."

இரண்டாவது லாரி. மூன்றாவது. ஜீப் நின்ற இடத்தைச் சுற்றி ஒருவரும் ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. நேராகத்தான் போனார்கள். ஏழாவது. எட்டாவது. ஒவ்வொருவரும் தடியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். அவர் கத்திக்கொண்டே இருந்தார். கத்துவது அவர் காதுக்கே மூடுபனிக்குள் யாரோ யாரையோ கூப்பிடுவது போல் கேட்டது. பதினொன்று. அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு. அதுவும் வெள்ளைக்குள் போனது.

கேபினில் ஃபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

மேலே நான்காவது வளைவில் வேனின் ஹாரன், கணீரென்று. அதற்கு ஒரு லாரி பதில் அடித்தது. மிகப் பக்கத்தில்.

பிறகு இரண்டுமே இல்லை.

தடியின் மறுமுனையில் கை அப்படியே இருந்தது. ஜீப்பின் பின்பக்கம் ஏதோ அசைந்தது. போர்வையில்லாத ஐந்து பேர், தலைமுடியிலும் இமையிலும் உருகாத பனியோடு, எதிரெதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஆள் ஏறும்போது செய்வார்களே, அந்த மாதிரி, இடுப்பைத் தூக்கித் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி நகர்ந்தார்கள்.

நடுவில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.